24-ஆவது லெட்டூஸ்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால், அறுவடைக் காலத்தில் கில்ராய் ஊரைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் பூண்டு வாசம் உள்ளே நுழைந்துவிடும். அங்கிருந்து அரை மணி நேரத்தில், சாலையின் இரு புறமும் கோடு போட்டதுபோல, சாலட்டுக்கான இலைக்கோசு ஆன லெட்டூஸ் பாத்திகள் தொடங்கினால் சாலினாஸ் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,63,000-க்குச் சற்று மேற்பட்டோர் வாழும் இந்த ஊரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்; பெரும்பாலும் மெக்ஸிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவுதான். ஆனால் சான் ஹோசேயில் ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்த பிறகே நான் முதன்முதலாக அந்த ஊருக்குள் இறங்கினேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடந்த நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் அங்கே 12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பொன்றில் நானும் ஒருவன். இடம் ஒரு நூலகக் கிளையின் பின்னறை. பிள்ளைகளைச் சேர்ப்பவர் ஒரு நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியை. பக்கத்தில் உட்கார்ந்து உதவுபவர்கள் கல்லூரி மாணவர்கள் மூவர். என்னைப் போல வெளியூரிலிருந்து வருபவர்கள் இரண்டு பேர். இந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் எழுதும்போது 'கூட்டு முயற்சி' என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்கு விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டு நாங்கள் தொடங்கியதே தவறாகத்தான். சேர்க்கைப் படிவத்தை நானே தயாரித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முகவரி, பெற்றோர் வேலை செய்யும் இடம், பிறந்த நாடு என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டிருந்தேன். 22 படிவங்கள் வீட்டுக்குப் போயின. கையெழுத்தோடு திரும்பி வந்தவை நான்கு. பெற்றோருக்கு ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நான் சொன்னபோது, கல்லூரி மாணவி ஒருத்தி படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "இதைப் பார்த்திருந்தால் என் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்," என்றாள். குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் பிறந்த நாட்டைக் கேட்கும் தாளைக் கண்டால் ஒரு தாய் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறாள். மறுவாரம் அந்தப் பெண்ணே புதிய படிவம் எழுதினாள். ஸ்பானிஷ் மொழியில் அரைப் பக்கம். பிள்ளையின் பெயர், அழைக்க ஒரு தொலைபேசி எண், என்ன தின்னக் கூடாது என்பது, அவ்வளவுதான். 19 பேர் வந்தார்கள்.

ஸ்பானிஷ் மொழியிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சாலினாஸ் பள்ளத்தாக்கில் மெக்ஸிகோவின் ஒஹாகா மாநிலத்திலிருந்து வந்த மிஷ்டெக், திரிக்கி மக்கள் நிறையப் பேர் வயல்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தொன்மையான வேறு மொழிகள், ஸ்பானிஷ் அவர்களுக்கே இரண்டாம் மொழி. அச்சிட்ட தாளைவிட வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திதான் அங்கே போய்ச் சேர்கிறது. இதையும் எங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் சொன்னார்.

இனி லெட்டூஸ் விஷயத்துக்கு வருகிறேன். மடக்குக் கட்டளையை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளையை, நான் வழக்கமாகச் சதுரம் வரைய வைத்துத்தான் விளக்குவேன்: முன்னே போ, வலப்புறம் திரும்பு, இதை நான்கு முறை செய். கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருளின் திரையில் பூனை நான்கு முறை திரும்பும். பிள்ளைகள் இரண்டு முறை பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அன்றைக்கு 13 வயதுப் பெண் ஒருத்தி மட்டும் பூனையை அழித்துவிட்டு ஓர் அட்டைப்பெட்டி வரைந்திருந்தாள். முட்டைக்கோஸ் போல உருண்டு வரும் ஐஸ்பெர்க் லெட்டூஸை வயலிலேயே வெட்டி, அங்கேயே பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு பெட்டிக்கு 24, கீழடுக்கில் 12, மேலடுக்கில் 12. அவளுடைய அம்மா அடுக்குகிறவர். திரையில் 'ரெபெத்திர் 24' (24 முறை திரும்பச் செய்) என்ற கட்டைக்குள் 'ஒரு லெட்டூஸை எடு, பெட்டியில் வை' என்ற இரண்டு வரிகள் இருந்தன. ஓட்டினால் பெட்டி அழகாக நிறைந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அவள் அம்மா அரை நாள் வேலை முடித்து, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்து கதவருகே நின்றார். மகள் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழுகினதை எங்கே போடுகிறாய்?" என்று கேட்டார். மகள் திரும்பி உட்கார்ந்து, லெட்டூஸ் கெட்டிருந்தால் அதைக் கீழே போடு என்று ஒரு நிபந்தனைக் கட்டையைச் சேர்த்தாள். மீண்டும் ஓட்டினாள். இந்த முறை பெட்டி 21 லெட்டூஸோடு மூடிக்கொண்டது. ஏனென்றால் கணினி 24 முறை குனிந்து எடுத்துவிட்டது, அதில் மூன்றைக் கீழே போட்டுவிட்டது, சொன்ன வேலை முடிந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "21 வைத்த பெட்டியை மயோர்தோமோ என் தலையில் கொண்டுவந்து கவிழ்த்துவிடுவான்," என்றார். மயோர்தோமோ என்றால் நம் ஊரில் மேஸ்திரி என்பார்களே, அவர்தான்.

எனக்கு விடை தெரியும் என்பதால் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, பேசாமல் இருங்கள் என்பதுபோல் மேசைக்கு மேல் கையைத் தாழ்த்திக் காட்டினாள். தாயும் மகளும் ஸ்பானிஷில் எதையோ விவாதித்தார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. அம்மா கைகளால் எடுத்து, பார்த்து, எறிந்து, வைத்துக் காட்டினார். வைக்கும்போது மட்டுமே வாய்விட்டு எண்ணினார். மகள் அந்த எண்ணிக்கையைக் கவனித்தாள். குனிந்த முறை அல்ல, வைத்த முறைதான் எண்ண வேண்டியது என்று பிடிபட்டதும் 'ரெபெத்திர் 24' என்ற கட்டையை எடுத்துவிட்டு, 'ரெபெத்திர் அஸ்தா கே' என்ற கட்டையைப் போட்டாள். பெட்டியில் 24 ஆகும்வரை செய் என்று பொருள். எத்தனை முறை என்று முன்கூட்டியே தெரிந்த மடக்குக்கும், ஒரு நிலை வரும்வரை ஓடும் மடக்குக்கும் உள்ள வேறுபாடு பாடநூல்களில் ஒரு தனி அத்தியாயம். நேர்காணலுக்கு வரும் பட்டதாரிகள் இதில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அதன் பெயர்தான் தெரியாது.

கணிமைச் சிந்தனை என்ற சொல்லைக் கணினி அறிவியலாளர் ஜெனட் விங் 2006-இல் எழுதிய சிறு கட்டுரை உலகெங்கும் பரப்பியது. சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, தேவையற்றதை விலக்கிச் சாரத்தை எடுப்பது, செய்முறையைப் படிப்படியாக வகுப்பது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தச் சிந்தனை பிள்ளைகளிடம் இல்லை, நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் நானும் போனேன். அந்த எண்ணம் தவறு என்பதை அரிசோனாவின் தூசான் நகரில் லூயிஸ் மோலும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் 1992-இலேயே எழுதிவிட்டார்கள். ஆசிரியர்கள் மெக்ஸிக வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், அறிவுரை சொல்லாமல், கற்றுக்கொள்பவர்களாக உட்கார்ந்தார்கள். மெக்ஸிகோவிலிருந்து மிட்டாய் கொண்டுவந்து விற்கும் ஒரு பையனைக் கண்ட ஆசிரியை, மிட்டாயை வைத்தே பாடம் அமைத்தார். மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்பில் வந்து கற்றுக்கொடுத்தார். வீடுகளில் இருக்கும் இந்த அறிவுச் சேமிப்பைப் பள்ளி எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அதற்கும் முன்பே, 1989-இல், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஓல்கா வாஸ்கெஸ், 'லா கிளாசே மாஹிகா' என்ற மாலை நேரக் கணினி வகுப்பைச் சோலானா பீச் ஊரின் மெக்ஸிகக் குடியிருப்பில் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக அங்கே போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவார்கள். பிள்ளைகள் 'எல் மாகா' என்ற கண்ணுக்குத் தெரியாத மந்திரவாதிக்குக் கணினி வழியே கடிதம் எழுதுவார்கள், ஸ்பானிஷோ ஆங்கிலமோ இரண்டும் கலந்தோ. அந்த மந்திரவாதி ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஸ்பானிஷ் மொழியின் இலக்கணப்படி பெயர் 'எல்' என்று ஆண்பாலில் தொடங்கிப் பெண்பாலில் முடியும். இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கள் வகுப்புக்கு நேரடியாகக் கைகொடுத்தது நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தின் முயற்சி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 47.7 விழுக்காடு ஹிஸ்பானியர் (ஸ்பானிஷ் மொழி மரபினர்) கொண்ட அந்த மாநிலத்தில், மின்பொறியியல் பேராசிரியர் மரியோஸ் பட்டிகிஸ், கல்வித் துறையைச் சேர்ந்த சில்வியா செலெதோன்-பட்டிகிஸ், கார்லோஸ் லோபெஸ்லெய்வா ஆகியோர், பள்ளி நேரத்துக்கு வெளியே கணிதமும் பொறியியலும் கற்பிக்கும் 'ஏஓஎல்எம்இ' திட்டத்தை நடத்தினார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பைத்தான் மொழியில் நிரல் எழுதி, எண் அட்டவணைகளாகப் படத்தையும் பின்னர் வீடியோவையும் உருவாக்குவார்கள்; ஸ்பானிஷும் ஆங்கிலமும் தாராளமாகப் புழங்கும்; பொறியியல் இளங்கலை மாணவர்கள் பக்கத்தில் இருந்து வழிநடத்துவார்கள். முடித்த பிள்ளைகளில் சிலர் அடுத்த சுற்றில் வழிநடத்துநர்களாகத் திரும்பி வருவார்கள். இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

படத்தை எண்ணாக எழுதும் பாடத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். கட்டம் போட்ட தாளில் முதலில் வண்ணம் தீட்டி, பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பதினாறடிமான எண், அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண், எழுத வேண்டும். 9-க்குப் பிறகு ஏ, பி, சி என்று போய் எஃப் வந்தால் 15 என்பதில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது; கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். விரலுக்கு மூன்று கணு, அதோடு நுனியையும் சேர்த்தால் நான்கு விரலுக்குப் பதினாறு. ஒரு கை ஒரு சுற்று நிறைந்தால் மறு கையில் ஒன்று. இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு 255 வரை எண்ணிவிடலாம் என்றதும் அறையில் எல்லோரும் விரல்களைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கினார்கள். எந்த ஊர் வழக்கம் இது என்று ஒருவன் கேட்டான். தமிழ் என்றேன். "தமாலா?" என்று கேட்டுச் சிரித்தான். மக்காச்சோள மாவை உள்ளே எதையாவது வைத்து இலையில் சுற்றி வேகவைக்கும் அவர்கள் ஊர்ப் பண்டம் அது. நான்கு ஆண்டுகளாக என் பெயர் தமால் சார்தான்.

மொழியைப் பற்றி ஒரு சச்சரவும் நடந்தது. ஸ்க்ராட்சில் உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் கட்டைகள் எல்லாம் ஸ்பானிஷுக்கு மாறிவிடும். நாளைக்கு வேலைக்குப் போனால் ஆங்கிலம்தானே வேண்டும், ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார், அவரும் லத்தீனோதான். கலிபோர்னியாவில் 1998-இல் 227-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்று பள்ளிகளில் இருமொழிக் கல்வியை ஏறக்குறைய நிறுத்தியது. 2016-இல் 58-ஆம் முன்மொழிவு அதை நீக்கும்வரை ஒரு தலைமுறையே அந்தக் காலத்தில் படித்து வெளியே வந்தது. அவர் கேள்வியில் அந்தக் காலத்தின் பயமும் இருந்தது என்று நினைக்கிறேன். என் பதில் கணக்காகத்தான் இருந்தது: பைத்தானில் இருக்கும் ஆங்கிலக் குறிச்சொற்கள் மொத்தமே 35, அவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் அழுகிய லெட்டூஸை எங்கே போடுவது என்ற விவாதத்தை அந்தத் தாயும் மகளும் வேறு எந்த மொழியில் நடத்தியிருப்பார்கள்? பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினோராம் வகுப்பில் முதல் நிரலை மந்திரம்போல் உருப்போட்டவன் நான். 'மழை பெய்தால் குடை எடு' என்று எங்கள் வீட்டில் தினமும் சொன்னதுதான் அந்த நிபந்தனைக் கட்டளை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்பானிஷிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'ஆல்' விகுதிக்கு ஈடான சொல் 'சி'. ஆமாம் என்பதற்கும் அதே ஒலிதான், எழுத்தின் மேல் ஒரு கோடு மட்டும் கூடுதல். கணினி ஏன் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறது என்று ஒரு பையன் கேட்டபோது, அந்தக் கோட்டுக்கு ஒரு மணி நேரம் போயிற்று.

லாஸ் ஏஞ்சலஸில் ஜேன் மார்கோலிஸும் குழுவினரும் மூன்று பள்ளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட நூலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கணினிகள் இருந்தும் லத்தீனோ, கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் தட்டச்சுக்கு மேல் பெரிதாக எதுவும் கற்பிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். அதன் பிறகு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அந்நகர வளாகமும் பள்ளி மாவட்டமும் இணைந்து புதிய பாடத்திட்டம் வகுத்து, முதலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். என்னைப் போன்ற சனிக்கிழமை ஆட்கள் வந்து போவார்கள், ஆசிரியர்தான் திங்கட்கிழமையும் இருப்பார் என்பதால் அந்த வரிசை சரியானது என்பது என் கருத்து.

வந்து போகிறவர்கள் என்றதும் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் எங்களுக்கு 15 லேப்டாப்கள் கொடுத்தது. பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் மாட்டி, வரிசையாக நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் திறந்தபோது பதினைந்தும் நிர்வாகக் கடவுச்சொல் கேட்டன. அதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்தத் திட்டமே செலவுக் குறைப்பில் காணாமல் போயிருந்தது. நூலக அம்மையார் அலமாரியிலிருந்து ஆறு பழைய கணினிகளை எடுத்துக்கொடுத்தார். மூன்று பேருக்கு ஒன்று என்று அந்த ஆண்டை ஓட்டினோம். கூட்டாளி என்று யாரை அழைப்பது என்பதற்கு இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வகுப்பை மாற்றும் உரிமை அவருக்கு இருக்கிறதா, மாற்றியதன் விளைவை அடுத்த வாரம் வந்து பார்ப்பாரா? அந்தப் படிவத்தை மாற்றிய மாணவி கூட்டாளி, மேஸ்திரியைச் சொன்ன தாய் கூட்டாளி, லேப்டாப் கொடுத்தவர் நன்கொடையாளர்.

கல்லூரி மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாலினாஸின் ஹார்ட்னல் கல்லூரியும் மான்டரே வளைகுடாவிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013-இல் கணினி அறிவியல் பட்டத்தை மூன்றே ஆண்டுகளில் முடிக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. எல்லோரும் ஒரே குழுவாகச் சேர்ந்து, ஒரே குழுவாகவே படித்து முடிப்பார்கள். ஆர்கிட் மலர் வளர்த்துச் செல்வம் ஈட்டிய சாலினாஸ்காரர் ஆண்டி மாட்சுயி, தொடக்க ஆண்டுகளின் மாணவர்களுக்குத் தலா 30,000 டாலர் உதவித்தொகை கொடுத்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு நான்காவது ஆண்டு என்பது இன்னும் ஓராண்டுச் சம்பளத்தை இழப்பது. அதை வெட்டியதுதான் இந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம். எங்கள் வகுப்பில் உதவும் மூன்று பேரும் இந்த வழியில் போக விரும்புகிறவர்கள். நான் பத்து நிமிடம் விளக்கியும் தலையாட்டிக்கொண்டிருக்கும் பையன், அவர்களில் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அந்த மாணவனும் அதே தெருவில் வளர்ந்தவன், அவன் அப்பாவும் அதே வயலுக்குத்தான் போகிறார்.

தீராத பிரச்சினை நவம்பரில் வருகிறது. குளிர் தொடங்கியதும் லெட்டூஸ் பயிர் அரிசோனாவின் யூமா வட்டாரத்துக்கு மாறுகிறது. அதோடு நிறுவனங்களும் இயந்திரங்களும் குடும்பங்களும் 900 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய், வசந்தம் பிறக்கும்போதுதான் திரும்புகின்றன. 19 பேர் இருந்த அறையில் டிசம்பரில் 11 பேர் இருப்பார்கள். முதல் ஆண்டு இதை நான் இடைநிற்றல் என்று குறித்து வைத்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'யூமா' என்று எழுதச் சொன்னவரும் அந்தக் கணித ஆசிரியைதான். லெட்டூஸ் பெட்டி செய்த பெண் சென்ற நவம்பரில் போகும்போது தன் நிரலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனாள். ஏப்ரலில் திரும்பி வந்தபோது அதில் இரண்டாவது பெட்டி சேர்ந்திருந்தது. கீழடுக்கு நிறைந்த பிறகே மேலடுக்கு தொடங்கியது. ஒரு பாத்தி முழுக்க அழுகியிருந்தால் நிரல் ஓயாமல் தேடிக்கொண்டே நிற்காமல் அடுத்த பாத்திக்குப் போனது. அங்கே யாரிடம் கேட்டுச் செய்தாய் என்றேன். அத்தை மகன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும், அவன் கேட்ட கேள்விகளுக்காகத்தான் மாற்ற வேண்டியதாயிற்று என்றும் சொன்னாள். யூமாப் பக்கத்தில் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அறையும் நான்கு கணினிகளும் கிடைக்குமா என்று இப்போது நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். படிவத்தை அவளே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.